ஈரச் சாம்பல்

அக்கா புறநகரில் வீடு வாங்கப்போகிறேன் என்று காட்டக் கூட்டிப்போனபோது, நான் வீட்டைப் பார்க்கவில்லை. வாசலில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன செய்வது, இருபது வருடமாக ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் மண் சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஊரார் மண்ணை உடைத்து, சலித்து, உலர்த்தி, எடைபோட்டு, அது எதைத் தாங்கும் என்று எழுதித் தருகிறவள் நான். சொந்த அக்காவின் மண்ணைச் சும்மா விடுவேனா?

கறுப்புக் களிமண். ஒரு காலத்தில் அந்த லேஅவுட் முழுக்க ஏரியாக இருந்திருக்கிறது. சமமாக எடைபோட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டேன். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மண்ணெண்ணெயில் களி வீங்காது, தண்ணீரில் எவ்வளவு வீங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. மறுநாள் தண்ணீர்க் குழாயில் மண் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

"இதுதான்க்கா உன் இடம். மழையில உப்பும், வெயில்ல வெடிக்கும்."

"உனக்கு எதை எடுத்தாலும் ஒரு குத்தம் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வாங்கிவிட்டாள்.

வீட்டுக்கு ஆழமாகத் தூண் இறக்கியிருந்ததால் வீடு நின்றது. ரோடு நிற்கவில்லை. வருடா வருடம் தார் போடுவார்கள். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும், மழை வந்தால் அப்பளம்போல் உப்பும். ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். முட்டிவலிக்காரியான அக்கா அரை கிலோமீட்டர் அரிசியையும் காய்கறியையும் சுமந்து நடப்பாள். ஒருமுறை மேட்டில் இடறி விழுந்து, மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த ரோட்டைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கையில் மருந்து இருந்தது. அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு உமியை எரிக்கிறார்கள், சாம்பலைக் கொண்டுபோய் எங்காவது கொட்டுகிறார்கள். அந்த உமிச்சாம்பலோடு கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துக் களிமண்ணில் கலந்தால் களி தன் வீக்கத்தை விட்டுவிடும். எங்கள் கூடத்தில் வருடக்கணக்காக இதைச் செய்துபார்த்திருக்கிறோம். மாணவர்கள் செய்து பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அச்சுகளைக் கழுவி, அடுத்த கலவையைத் தொடங்குவது நான்தான். எங்கள் துறைத் தலைவரிடம் விடாமல் நச்சரித்தேன். அவர் அந்தப் பகுதி இன்ஜினியரிடம் பேசினார். கடைசியில் அக்கா வீட்டு ரோட்டிலேயே நூறு மீட்டர் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது.

இன்ஜினியர் கன்னடக்காரர், வயதில் என்னைவிடச் சிறியவர், நியாயமான மனிதர். ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு மழைக்காலம் பார்ப்பேன், எங்காவது ஓர் இடத்தில் உப்பினாலும் முழுவதையும் தோண்டிப் போட்டுவிட்டு வழக்கமான முறைக்குப் போய்விடுவேன், அப்புறம் இந்தச் சாம்பல் பேச்சோடு யாரும் என் மேசைக்கு வரக்கூடாது. சரி என்றேன்.

வேலைக்கு வந்த கும்பல் திருவண்ணாமலைப் பக்கம். மேஸ்திரி ஓர் அம்மாள். குரல் கொடுத்தால் டிராக்டரே நின்றுவிடும். சாம்பலை மூட்டை மூட்டையாக எடைபோட்டு, சுண்ணாம்போடு மண்ணில் பரப்பி, டிராக்டரில் கட்டிய கலப்பான் கொண்டு புரட்டி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டுவார்கள். தராசுப் பக்கத்தில் நான் நிற்பேன். இரண்டு நாளில் எழுபது மீட்டர் முடிந்தது. மூன்றாம் நாள் வேலை அக்கா வீட்டு வாசலுக்கு வந்தது.

காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. உமிச்சாம்பல் லேசு, ஊதினால் பறக்கும். அக்கா மொட்டை மாடியிலிருந்து கத்தினாள்.

"என்னடி இது! அத்தான் சட்டையெல்லாம் சாம்பலாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரி வந்து சண்டை போடறா. நான் இங்க குடியிருக்க வேணாமா?"

நான் யாருக்கும் வளைந்து கொடுக்கிறவள் இல்லை. ஆனால் அக்காவின் குரலுக்கு மட்டும் சிறு வயதிலிருந்தே கொஞ்சம் நடுக்கம் உண்டு. மேஸ்திரி அம்மாவிடம் சொன்னேன், "சாம்பல் குவியல்மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சிடுங்கம்மா." குழாயை எடுத்துத் தெளித்தார்கள். தூசி அடங்கியது. அக்கா காப்பி கொடுத்தாள். ஈரச் சாம்பலை மூட்டையில் அள்ளி, எடைபோட்டு, பரப்பி, சாயங்காலத்துக்குள் கடைசி முப்பது மீட்டரையும் உருட்டி முடித்தோம்.

வழக்கப்படி அன்றைய சாம்பலில் ஒரு டப்பா எடுத்துப்போய்ச் சோதனைக்கூட அடுப்பில் உலர வைத்துவிட்டு, ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன். காலையில் டப்பாவைத் தராசில் வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு எடை காணோம். தண்ணீராகப் போயிருந்தது. நான் நினைத்தது லேசான தெளிப்பு. உமிச்சாம்பலோ கிடைத்ததையெல்லாம் குடித்திருக்கிறது. மூன்று மூட்டை என்று நான் எழுதிய இடத்தில் இரண்டு மூட்டைச் சாம்பல்தான் மண்ணுக்குள் போயிருந்தது. ஈரத்தோடு எடைபோடாதே என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்த வாய் இது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

யாருக்கும் தெரியாது. அன்றே மேலே ஜல்லி விழுந்துவிடும். டப்பாவைக் கழுவி வைத்தால் முடிந்தது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், அதை மறைப்பானேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் களிமண்ணில் மறைக்க முடியாது. முதல் மழையிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் அக்கா வாசலில். அந்த முப்பது மீட்டர் கெட்டால் நல்ல எழுபதும் சேர்ந்து போகும். இன்ஜினியருக்கு போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆய்த்து பிடி மேடம்" என்றார். ஆனது ஆச்சு, விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். சாம்பல் உள்ளே போயிருக்கிறதே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்றார். விட முடியாது, சுண்ணாம்பு இறுகுவதற்குள் புரட்டியாக வேண்டும், ஜல்லி லாரியை நிறுத்துங்கள் என்றேன். பதிலுக்கு நிற்காமல் கிளம்பினேன். மெஜஸ்டிக் நிலையத்தில் மெட்ரோ மாறும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது: மதியம் இரண்டு மணி வரை லாரி வராது.

மேஸ்திரி அம்மாவிடம் சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம், நேத்து நீதான தண்ணி தெளிக்கச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. உங்க ஆளுங்கமேல ஒரு சொல் வராது."

"ஒத்துக்கினியே, அத்தோட உடு" என்று சொல்லிவிட்டு டிராக்டர்காரரைக் கூப்பிட்டார்.

தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்த சாம்பல் மூட்டைகள் மீதி இருந்தன. தண்ணீர் படாமல் பறக்கவும் விடாமல் எப்படிப் போடுவது? அதற்கும் அவரே வழி சொன்னார். மூட்டையைத் தூக்கிக் கொட்டாமல் தரையில் படுக்கப்போட்டு, அடியில் கத்தியால் கீறி, இரண்டு பேர் மூட்டையின் காதுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்கள். சாம்பல் தரையோடு தரையாகக் கோடாக விழுந்தது, பின்னாலேயே கலப்பான் வந்து மூடியது. "இத மொதல்லயே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?" என்றார். கேட்கவில்லைதான். தராசு என் கையில் இருந்ததால் மூளையும் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நானும் ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தேன். அக்கா மேலிருந்து பார்த்தாள். அன்றைக்குத் துணி காயப்போடவில்லை. உருளை கடைசித் தடவை ஓடி முடித்தபோது ஒரு மணி ஆகியிருந்தது.

அறிக்கையில் மூன்றாம் நாள் நடந்ததை அப்படியே எழுதினேன். அந்தப் பத்தியை எடுத்துவிடலாமே, சரிசெய்துவிட்டோமே என்றார் இன்ஜினியர். எடுக்க மாட்டேன் என்றேன். அவர் எரிச்சலோடு கோப்பை மூடினார்.

அந்த வருடம் மழை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குடையோடு போய் நூறு மீட்டரையும் நடந்து பார்ப்பேன். அக்கம்பக்கத்தார் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். நூறு மீட்டருக்கு முன்னும் பின்னும் பழைய ரோடு உப்பிக்கொண்டு நின்றது. நடுவில் எங்களுடையது தட்டையாகக் கிடந்தது. கோடையில் பழைய ரோடு வெடித்தது, இது வெடிக்கவில்லை. கடைசி முப்பது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த வருடம் மீதி ரோடு முழுவதையும் சாம்பல் கலந்து போட உத்தரவு வந்தது. கன்னடத்தில் இருந்த அதன் நகலை இன்ஜினியர் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். இருபது வருடத்தில் என் பெயர் எந்த உத்தரவிலும் வந்ததில்லை, இதிலும் இல்லை. ஆனால் ஒப்பந்தக்காரருக்கான நிபந்தனைகளில் முதலாவதை இரண்டு முறை படித்தேன். சாம்பலை உலர்ந்த நிலையில் மட்டுமே எடைபோட வேண்டும். தூசி அடக்க அதன்மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. மூட்டையைத் தரையில் படுக்கவைத்து, அடியில் கீறி, இழுத்துப் பரப்ப வேண்டும்.

முதல் பாதி என் தவறு. இரண்டாம் பாதி மேஸ்திரி அம்மா. அவருக்கு உடனே போன் போட்டு, அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.