வசந்தாவின் காதுக்கு ஒன்றுமில்லை

என் மனைவியின் காதில் எந்தப் பழுதும் இல்லை. பழுதைச் செய்தவன் நான். பழியை அவள் காதின்மேல் போட்டவனும் நானே!

எங்கள் வீட்டில் நூற்று நாற்பத்து மூன்று சி.டி.க்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. வசந்தாவின் தம்பி நடராஜன் இருந்த பஜனைக் குழு ஒரு மார்கழியில் பாடியதை யாரோ பதிவுசெய்து கொடுத்த சி.டி. நடராஜன் பாடமாட்டான்; ஜால்ரா மட்டும் போடுவான். அவன் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவன் குரல் எதிலும் பதிவாகவில்லை. மிஞ்சியது அந்த ஜால்ராதான்.

சி.டி. போடும் பெட்டி தடுமாறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஒலி துளியும் குறையாத கோப்புகளாக ஏற்றிவிட்டால் கூடத்திலும் கேட்கலாம், கையடக்கக் கருவியில் போட்டு நீடாமங்கலம் ரயிலிலும் கேட்கலாம். பதினெட்டு நாள் வேலை. ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு பாடல்கள். இரண்டு முறை எண்ணினேன்.

"சாம்பார்ல முருங்கைக்காய் எத்தனைன்னும் எண்ணிடுங்க வாத்தியாரே" என்று சிரித்தாள் வசந்தா. ஏழு என்றேன். முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு நடத்தியவன்... எண்ணாமல் விடுவேனா?

அந்த வாரம், எங்கள் வயலைக் குத்தகைக்குச் செய்யும் முருகையன் வந்தார். சம்பா பால் பிடிக்கும் நேரம்.

"சார், அந்த சி.டி. தட்டெல்லாம் சும்மாதானே கெடக்கு? குச்சி நட்டுக் கட்டிவிட்டா வெயில்ல மின்னும், குருவி அண்டாது. தகரம் தட்டித் தட்டி என் கையே போச்சு."

வசந்தா என்னைப் பார்த்தாள். "என்னங்க, எல்லாம் பத்திரமா ஏறிடுச்சா? தம்பியோடது?"

"ஒண்ணு விடாம எண்ணிட்டேன். எடுத்துக் குடு."

ஆம், எண்ணினேன். பாடல்களை எண்ணினேன், கோப்புகளின் அளவைப் பார்க்கவில்லை!

மூன்று வாரம் கழித்து, கையடக்கக் கருவிக்கு மாற்றும்போது எல்லாமே அடங்கி இடமும் மிஞ்சியது. ஒரு சி.டி.க்கு ஏறத்தாழ முந்நூறு எம்.பி. வரவேண்டும்; நாற்பதுதான் இருந்தது. முதல் நாள் மென்பொருளில் ஒரேயொரு தேர்வை மாற்ற மறந்து, அத்தனையையும் சுருக்கிய கோப்புகளாக ஏற்றியிருக்கிறேன். அப்படிச் சுருக்கினால் முதலில் மங்குவது கணீரென்ற கூரிய ஓசைகள்... ஜால்ரா!

வயலுக்கு ஓடினேன். முப்பத்தேழாவது குச்சியில் அது சுழன்றுகொண்டிருந்தது. பனியிலும் வெயிலிலும் அடிபட்டு, குச்சியில் உரசி, மேற்பூச்சு உரிந்திருந்தது. அதன் வழியே பயிர் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேனா? இல்லை. சுருங்கிய கோப்புகளையே பெரிய கோப்புகளாக மாற்றினேன். அளவு பெருத்தது, போன ஓசை வரவில்லை. வராது என்பதும் எனக்குத் தெரியும்!

பொங்கல் கழிந்து ஒரு காலை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, ஜால்ரா என்னவோ அரிசி களையிற மாதிரி கேக்குது. அவன் போட்டா கணீர்னு இருக்குமே?"

எவ்வளவு சரியாகச் சொன்னாள்! அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம்...

"அறுபத்தெட்டு வயசாச்சு. உன் காதைப் போய்க் காட்டு" என்றேன்.

தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்க் காட்டவும் செய்தேன். மருத்துவர் சோதித்துவிட்டு, "வயசுக்கு நல்லாவே கேக்குதும்மா" என்றார். நான் பிடிபட்டேன் என்று நினைத்தேன். திரும்பும் பேருந்தில் அவள் என் கையைத் தட்டினாள்.

"டாக்டர் சமாதானத்துக்குச் சொல்றாருங்க. நீங்க எதுக்கு இல்லாததைச் சொல்லப்போறீங்க?"

நீங்களே சொல்லுங்கள், நாற்பத்தைந்து வருட நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இப்படியா செய்வான்?

இப்போது அவள் அந்தப் பதிவைக் கேட்பதில்லை. தினமும் காபி கொடுத்துவிட்டு, இயர்போனை என் காதில் வைக்கிறாள். எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள்.

"எனக்குத்தான் குடுப்பினை இல்ல. உங்களுக்குக் கேக்குதா, தம்பி போடுறது?"

"கேக்குது வசந்தா. கணீர்னு கேக்குது."

"அப்ப சரி" என்று முகமெல்லாம் சிரிக்கிறாள்.

இன்றோடு எண்பத்தொன்பது முறை சொல்லிவிட்டேன்.