சும்மா நின்ற குதிரைக்குச் சீட்டில்லாத மூட்டை

போடியில் எனக்குத் தீவனம் விற்ற கடைக்காரர் வாய் கூசாமல் பொய் சொன்னார்.

என் குதிரை குரங்கணியிலிருந்து மலை மேல் உள்ள எஸ்டேட்டுக்கு லோடு சுமப்பது. மழையில் பாதை அடைபட்டதால் சும்மா நின்று கொழுத்துவிட்டது. சதை போடாத சத்துத் தீவனம் கேட்டேன்.

"கொண்டு போங்கண்ணே, சத்து மட்டுந்தேன், உடம்பு ஏறாது" என்று, என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் விவரச் சீட்டு கிழிந்த மூட்டையைத் தந்தார். நானும் லோடு சுமக்கும் நாளில் வைக்கும் அளவையே வைத்தேன்.

சில நாளில் குளம்பு கொதித்து, குதிரை கால் ஊன்ற முடியாமல் நின்றது. மாட்டு டாக்டர் தீவனத்தை வாயில் போட்டுப் பார்த்தார். "அம்புட்டும் மக்காச்சோளமும் வெல்லப்பாகும். சும்மா நிக்கிறதுக்கு விருந்தாண்ணே வச்சீக?"

உயிர் தப்பியது, நொண்டல் போகவில்லை. வைத்தியம் பார்த்து நானும் ஓய்ந்துவிட்டேன். இப்போது சும்மா நிற்கும் அதற்குக் காய்ந்த புல்லும் ஒரு பிடி தாதுக் கலவையும்தான். சீட்டைப் படிக்காமல் மூட்டையைத் தொடுவதில்லை.

அந்தச் சீட்டைக் கிழித்தது யார்? கடைக்காரர் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் பதில் எழுதட்டும்.