குரல் நின்ற பிற்பகல்

நான்காவது முறையாக லேப்டாப் திக்கியது. "பேஷன்ட்" என்று சொல்ல ஆரம்பித்து "பே, பே, பே, பே" என்று அதே இடத்தில் மாட்டிக்கொண்டு, பிறகு அதுவும் நின்றுபோனது. தினகரன் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்தான். கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினான். மணி பதினொன்று இருபது என்றது அது.

மாலை ஐந்து மணிக்குள் நான்கு கோப்புகள் போய்ச் சேர வேண்டும். அதுவரை முடிந்திருந்தது அரைப் பக்கம்.

பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி போட்ட வீடு அது. அப்பா வேணுகோபாலும் அம்மா இந்திராணியும் நெய்கிறவர்கள். தினகரன் தறியில் உட்காரவில்லை. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். பள்ளிக்கூட நாளிலேயே சாயங்காலம் ஆனால் அவனுக்குத் தெரு சரியாகத் தெரியாது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். இருபத்து மூன்று வயதில் பகலும் போயிற்று. இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்தான். அதன் பிறகு சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஸ்கிரீன் ரீடர் கற்றுக்கொண்டான். திரையில் இருப்பதையெல்லாம் குரலாகச் சொல்லும் மென்பொருள் அது. அந்த நிலையத்துக்காரர்களே பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் கம்பெனி ஒன்று சென்னையில் இருந்தது. ஆறு மாதம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு சோதனை கிடைத்தது. காலையில் நான்கு பதிவுகள் வரும். ஐந்து மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மேற்பார்வையாளர் ஸுபத்ரா போனில் ஒன்று சொல்லியிருந்தார். எங்கள் மென்பொருள் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும், மாற்றிவிடுங்கள் என்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உமாபதி வியாழக்கிழமை சாயங்காலம் வந்து மாற்றிக் கொடுத்தார். இருவரும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். குரல் நன்றாகத்தான் வந்தது.

ஏழாவது நிமிடத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தினகரன் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தான். உமாபதிக்குப் போன் போட்டான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"நான் தாமல் ஊர்ல இருக்கறேன்பா, மச்சான் கல்யாணம். இன்னா ஆச்சு?"

"ஏழு நிமிஷம் ஓடுதுண்ணா. அப்புறம் அப்படியே நின்னுடுது. எந்தக் கீயும் வேலை செய்யல."

"ஃபார்மட் பண்ணாத்தான் தெரியும். நாளைக்குக் காலைல வர்றேன்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு அனுப்பணும்ணா."

"தாலி கட்டப் போறாங்கப்பா. நான் இன்னா பண்றது சொல்லு."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. போனை வைத்துவிட்டு, தன்னால் முடிந்ததை ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தான். மவுஸைக் கழற்றிவிட்டு ஆன் செய்தான். ஏழு நிமிடத்தில் நின்றது. இணைய ஒயரைக் கழற்றினான், நின்றது. காலால் மிதித்துப் பதிவை ஓட்டவும் நிறுத்தவும் வாங்கிய பெடலைப் பிடுங்கினான், அப்போதும் நின்றது. சூடாகிறதோ என்று லேப்டாப்பின் அடியில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்து உயர்த்திப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் ஏதாவது ஒரு சொல்லின் நடுவில் திக்கி அடங்கியது.

அப்பா நெய்த சேலையைக் கொடுக்கப் போயிருந்தார்; உள்ளே ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் தறிச் சத்தம் நின்றது. இந்திராணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அந்த மேடத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்டா. மெஷின் ரிப்பேருன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?"

"ஒத்துப்பாங்கம்மா."

"அப்புறம் இன்னா?"

ஒத்துக்கொள்வார்கள் என்பதுதான் அவனுக்குப் பயம். அதற்கு முன் இரண்டு இடத்தில் அப்படித்தான் ஆனது. 'பரவாயில்லைப்பா, உனக்குக் கஷ்டம்தானே' என்று இதமாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. தப்பு செய்தான் என்று திட்டி அனுப்பியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

மணி பன்னிரண்டு ஐம்பது. செய்ய இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. அதைத்தான் காலையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். சேஃப் மோடு என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தனக்கு அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எதையும் எழுப்பாமல் திறக்கும். அதில் நிற்காமல் ஓடினால், கூட எழுந்திருக்கும் ஏதோ ஒரு புரோகிராம்தான் குற்றவாளி என்று ஆகும். ஆனால் சேஃப் மோடில் ஒலி வராது. ஒலி வராவிட்டால் குரல் இல்லை. அவனுக்கு அந்தத் திரை வெறும் கண்ணாடி.

"அம்மா, இங்க வந்து உக்காரு. நான் கேக்கறத மட்டும் பார்த்துச் சொல்லு."

"எனக்கு இங்கிலீசு தெரியாதேடா."

"எழுத்து எப்படி இருக்குதுன்னு சொன்னா போதும். எனக்கு எழுத்து தெரியும்."

அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தினகரன் மேல் வரிசையில் நான்கு நான்காக எண்ணி 'எஃப் எட்டு' பொத்தானைக் கண்டுபிடித்தான். ஆன் செய்ததும் அதைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"கறுப்பாயிடுச்சு. வெள்ளையா வரி வரியா எழுத்து வந்திருக்குது."

"ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு வரி, ஒரே மாதிரி ஆரம்பிக்குதா பாரு."

"இருக்குது. முதல் எழுத்து..." அவளுக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அவன் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் வரைந்தாள். மேலிருந்து வளைந்து, நடுவில் திரும்பி, கீழே எதிர்ப்பக்கமாக வளைந்தது. எஸ்.

"அதுதாம்மா. அந்த மூணுல மேல இருக்கறதுக்கு வெளிச்சம் வர்ற வரைக்கும் சொல்லிக்கினே இரு." அவன் அம்புக்குறிப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"இன்னும் மேல. இன்னும் ஒண்ணு. ஆங், அதுலதான் இருக்குது."

என்டர் தட்டினான். நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. டிஸ்க் சுற்றும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு இந்திராணி சொன்னாள், திரை கறுப்பாக இருக்கிறது, நான்கு மூலையிலும் அதே பாம்பு எழுத்தில் ஆரம்பித்து ஏதோ எழுதியிருக்கிறது என்று. சேஃப் மோடுதான். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். ஏழு நிமிடம் போனது. பத்து ஆனது. அவன் மவுஸை அசைத்தான்.

"அந்த அம்புக்குறி நகருதா?"

"நகருது."

பன்னிரண்டாவது நிமிடத்திலும் நகர்ந்தது.

பத்திரிகைக் கடையில் வேலை பார்த்த நாளில், அங்கே ரிப்பேருக்கு வரும் உமாபதி செய்வதைப் பார்த்து மனப்பாடமாயிருந்த ஒரு கட்டளையைத் தட்டினான். கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாக எழுந்துகொள்ளும் புரோகிராம்களின் பட்டியல் அதில் வரும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்னப் பெட்டி, அதில் டிக். டிக்கை எடுத்துவிட்டால் அது எழுந்திருக்காது.

"எத்தனை வரி இருக்குதும்மா?"

"ஒம்பது. எல்லாத்துக்கும் பக்கத்துல கோடு போட்டிருக்குது."

குற்றவாளி எது என்று தேட நேரம் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று ஸ்கிரீன் ரீடர். அதன் டிக் போய்விட்டால் லேப்டாப் நன்றாக ஓடும், குரல் மட்டும் எழுந்திருக்காது. பிறகு அதைக் கண்டுபிடித்து எழுப்ப, படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதன் பெயர் ஆங்கில 'வி'யில் ஆரம்பிக்கும்.

"மேல ரெண்டு கம்பு விரிஞ்சு, கீழ ஒண்ணா சேரும். அந்த மாதிரி ஆரம்பிக்கற வரி எது?"

இந்திராணி திரைக்கு அருகில் குனிந்தாள். அவளுடைய மூச்சு அவன் கைமேல் பட்டது.

"மூணாவது வரி." சற்று நேரம் கழித்து, "ஏழாவதும் அப்படித்தான்டா இருக்குது" என்றாள்.

அவன் எதிர்பார்க்கவில்லை. இன்னொன்று என்ன? வைரஸ் தடுக்கும் மென்பொருள். அதுவும் 'வி'தான். ஆனால் அதற்கு அடுத்த எழுத்து 'ஐ', ஸ்கிரீன் ரீடருக்கு 'ஓ'.

"ரெண்டாவது எழுத்த வரைஞ்சு காட்டு. முதல்ல மூணாவது வரி."

உள்ளங்கையில் ஒரு சின்ன நேர்க்கோடு விழுந்தது. மேலே ஒரு புள்ளி.

"இப்ப ஏழாவது."

விரல் தயங்கியது. ஒரு வட்டம் போட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"முழு வட்டமா? ஒரு பக்கம் திறந்திருக்குதா?"

"இரு, திரும்பப் பார்க்கறேன்." பார்த்தாள். "மூடின வட்டம்தான். நல்லாப் பார்த்துட்டேன்."

"நிச்சயமாம்மா?"

"பட்டுல ஒத்த இழை அறுந்தாலே எனக்குத் தெரியும். இது இவ்ளோ பெருசா இருக்குது. வட்டம்தான்."

ஏழாவது வரியை விட்டுவிட்டு மற்ற எட்டையும் எடுக்க ஆரம்பித்தான். அம்புக்குறிப் பொத்தானை ஒருமுறை அழுத்துவான். நீலப் பட்டை எந்த வரியில் நிற்கிறது என்று அவள் எண் சொல்வாள். அவன் ஸ்பேஸ் தட்டுவான். கோடு போயிற்றா என்று அவள் சொல்வாள். ஆறுக்கு அடுத்து அவன் கை பழக்கத்தில் ஸ்பேஸுக்குப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஏழு."

அவன் கையை எடுத்தான்.

லேப்டாப் மறுபடி திறக்க நான்கு நிமிடம் ஆயிற்று. தெருவில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி போனது. அதன் சத்தம் தேய்ந்து முடிந்தபோது, எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த இயந்திரக் குரல் "டெஸ்க்டாப்" என்றது. தினகரன் தலையைக் குனிந்துகொண்டான். இந்திராணி எழுந்து உள்ளே போனாள். அன்று அதற்குப் பிறகு அவள் தறியில் உட்காரவில்லை. அவனுக்குக் காது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மணி இரண்டு ஐந்து. குரல் நிற்குமா என்று சோதிக்க நேரம் இல்லை. வேலையைச் செய்துகொண்டே சோதிக்க வேண்டியதுதான். பெடலை மாட்டி மிதித்துப் பார்த்தான். அசையவில்லை. அதோடு வந்த புரோகிராமும் அந்த எட்டில் ஒன்றுதான். ஆகவே பதிவை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் ஒவ்வொரு முறையும் எழுதுவதை விட்டுவிட்டுக் கையாலேயே பொத்தானைத் தட்ட வேண்டியிருந்தது. பாதி வேகம்கூட வரவில்லை. இரண்டு வரிக்கு ஒருமுறை சேமித்தான். ஏழாவது நிமிடம் தாண்டியது. பதினைந்து தாண்டியது. அப்புறம் அவன் எண்ணுவதை விட்டுவிட்டான்.

இரண்டாவது பதிவில் ஒரு சங்கடம் வந்தது. வேகமாகப் பேசும் டாக்டர். ஒரு மாத்திரையின் அளவைச் சொல்லும் இடத்தில் யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பதினைந்தா, ஐம்பதா? ஆங்கிலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். பதினொரு தடவை ஓட்டினான். பதினைந்து என்றுதான் பட்டது. ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டான். வெற்றிடம் விட்டால் மதிப்பெண் குறையும் என்பது தெரியும். இடத்தைக் காலியாக விட்டு, 'அளவு தெளிவாகக் கேட்கவில்லை' என்று குறிப்பெழுதினான். அதற்கே ஆறு நிமிடம் போய்விட்டிருந்தது.

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மூன்று கோப்புகளை அனுப்பினான். நான்காவது பாதியில் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஸுபத்ராவுக்குப் போன் போட்டான்.

"மேடம், தினகரன் பேசறேன். மூணு அனுப்பிட்டேன். நாலாவது லேட்டாகும். சிஸ்டம் மாத்தினதுக்கப்புறம் காலைலேர்ந்து ஹேங் ஆகிக்கினே இருந்துது. மதியம்தான் சரி பண்ணேன்."

"யார் சரி பண்ணாங்க?"

"நானும் எங்கம்மாவும்."

"சரி, முடிச்சு அனுப்புங்க. லேட்டுன்னுதான் குறிப்பேன்."

"குறிங்க மேடம்."

ஐந்து முப்பத்தைந்துக்கு நான்காவது போயிற்று. ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். நான்காவதற்கு மதிப்பெண் பாதிதான் என்றார். மூன்றாவதில் ஒரு நரம்பின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான்; அதைக் கடுமையாகவே சொன்னார். பிறகு இரண்டாவது கோப்பைப் பற்றிப் பேசினார்.

"இதே பதிவ இன்னைக்கு ஆறு பேருக்குக் கொடுத்திருந்தேன். அஞ்சு பேர் நம்பர் போட்டிருக்காங்க. மூணு பேர் ஐம்பது, ரெண்டு பேர் பதினைஞ்சு. நீங்க மட்டும்தான் காலியா விட்டீங்க. சந்தேகம்னா விட்டுடணும், அதுதான் இந்த வேலை. திங்கட்கிழமைலேர்ந்து ஒரு மாசம் பார்க்கலாம்."

அந்த ஒரு மாதம் ஐந்து வருடம் ஆனது என்பது பிற்பாடு நடந்தது. அன்றைக்கு அவன் போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "ஒரு மாசம் பார்க்கறாங்களாம்" என்று மட்டும் சொன்னான். அவள் "பார்க்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை உமாபதி கல்யாண வீட்டு லட்டோடு வந்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி எழுப்பிப் பார்த்ததில் குற்றவாளி பிடிபட்டது. பெடலோடு வந்த அந்தச் சின்னப் புரோகிராம்தான். பழைய சிஸ்டத்துக்கு எழுதியது. பெடலைப் பிடுங்கிவிட்டாலும் அது விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். புது சிஸ்டத்தில் ஏழு நிமிடம் தேடி முட்டிக்கொண்டு நின்றுவிடும். புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தார்.

"வைரஸ் பாதுகாப்பையும் சேர்த்து எடுத்துட்டியேப்பா" என்றார்.

"தெரியும்ணா. இப்ப அந்த ஒம்பது வரியையும் மேலேர்ந்து கீழ வரைக்கும் எழுத்து எழுத்தா படிங்க."

"எதுக்கு?"

"அடுத்த தடவை யாரும் பார்த்துச் சொல்லாமலே எண்ணிப் போகணும்ணா. படிங்க."

உமாபதி படித்தார். தினகரன் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்து, குரலை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். மூன்றாவது முறை பார்க்காமல் தானே ஒப்பித்தான். ஐந்தாவது வரியில் தப்பினான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.