பேட்டரிக்கு ஓர் இடம், படகுக்கு ஓர் இடம்

சத்தக்காரிக்குப் படகு ஓட்டத் தெரியாது என்று அந்த ஏரிக்கரையில் எந்தக் கொம்பனும் சொல்லிவிட முடியாது. பல வருஷமாக அடுத்தவர் படகைக் கழுவி, ஓட்டி, சாயங்காலம் துறையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள். குரல்தான் கொஞ்சம் கூடுதல். அவள் இந்தக் கரையில் "படகு கிளம்புது" என்றால் அந்தக் கரையில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்பான். பெயர் அப்படி வந்ததுதான். வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் கிடைப்பதில்லை.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கடைசியில் பழைய ஃபைபர் படகு ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டாள். துறையில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. ஏரியில் டீசலுக்குத் தடை வந்துவிட்டதால் பேட்டரி மோட்டார் வைத்த படகுக்குத்தான் அந்த இடம். துறைக் கண்காணிப்பாளரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் இடம் அவளுக்கு. தேறாவிட்டால் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அவளோ மறுபடி வேறொருவர் படகைக் கழுவப் போக வேண்டியதுதான்.

படகின் மூக்கில்தான் மோட்டார் தொங்கும். முன் இருக்கையில் உட்கார்ந்து மிதியைக் காலால் அழுத்தி ஓட்டவேண்டும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. பேட்டரியை எங்கே வைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. இருந்தவை இரண்டு பேட்டரிகள். சேர்த்தால் ஒரு சிமெண்ட் மூட்டைக் கனம்.

"மோட்டாருக்குப் பக்கத்துலயே வெச்சிடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன். அவன் மெக்கானிக், ஆளும் நல்ல வாட்டசாட்டம். "வயரு நீண்டுச்சுன்னா பாதி கரண்டு வழியிலயே செத்துடும்."

"பின்னாடி வெச்சா என்னடா?" என்று தையல்காரர் அபூர்வமாக வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இருண்ணே. இது சட்டைக்குப் பாக்கெட் வெக்கற வேலை இல்ல."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பேட்டரிகள் முன்னால் ஏறின. வெள்ளோட்டம் பார்த்தார்கள்: அவள் முன்னால், வீட்டுக்காரர் நடுவில், கொழுந்தன் பின்னால். படகு மட்டம் வைத்தது போல் நேராக மிதந்தது. கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "யார் போட்ட கணக்கு!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் தன் ஆட்கள் மூன்று பேருடன் வந்து நடு இருக்கைகளில் உட்கார்ந்தார். கொழுந்தன் கரையில் நின்று செல்போனில் படம் பிடித்தான். படகு கிளம்பியதுமே மூக்கைத் தண்ணீருக்குள் விட்டது. முதல் திருப்பத்தில் அலை உள்ளே ஏறி, கண்காணிப்பாளரின் ஷூவை நனைத்தது. படகு கரை சேருவதற்குள் மானம் கப்பலேறிவிட்டது.

"சாயங்காலம் ஒரே ஒரு தடவை பார்ப்பேன்மா," என்றார் அவர், காலை உதறிக்கொண்டே. "அப்பவும் இப்படின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் முதலில் மோட்டாரைத் திட்டினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். இதுவரை எல்லாரும் படகுக்குள் உட்கார்ந்துதான் படகைப் பார்த்திருக்கிறார்கள். வெளியே நின்று ஒருவரும் பார்க்கவில்லை. தன் இடத்தில் வீட்டுக்காரரை உட்கார வைத்தாள். அவர் ஒல்லி என்பதால், எடை போதாதென்று மடியில் நங்கூரத்தையும் கொடுத்தாள்.

"தம்பி, பின்னாடி ஏறு."

ஏறினான். மூக்கு நிமிர்ந்தது.

"இறங்கு."

மூக்கு கவிழ்ந்தது.

"மறுபடி ஏறு... அடப்பாவி! நேத்து படகை நேரா நிறுத்தினது உன் கணக்கு இல்லடா, உன் தொந்தி!"

தையல்காரர் நங்கூரத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொழுந்தன் அசடு வழிந்தான். "அப்ப நானே தினமும் வந்து உக்காந்துக்கறேன் அண்ணி."

"உனக்கு யாரு டிக்கெட் எடுக்கறது? பேட்டரியைக் கழட்டு!"

வயரை மாட்டாமலே இரண்டு பேட்டரிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொழுந்தனைக் கீழே இறக்கிவிட்டு, தண்ணீர் படகின் பக்கவாட்டைத் தொடும் கோட்டில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பின் இருக்கைக்கு அடியில், வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று வைத்தபோது கோடு நேரானது. "அங்கதான். அசைக்காதே!"

கொழுந்தன் சொன்ன கரண்டு விஷயமும் பொய்யில்லை. மெல்லிய வயர் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது, சூடேறிவிடும். தையல்காரர் தன் டேப்பால் அளந்து கொடுக்க, கொழுந்தன் ஓடிப்போய் வெல்டிங் கடையில் விரல் தடிமனுக்குக் கேபிள் வாங்கி வந்தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தான். பெட்டிகள் நகராமல் பட்டை போட்டு இறுக்கினான். அவன் வேலை சுத்தம். அதை அவளும் வாய்விட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் கண்காணிப்பாளர் அதே மூன்று பேருடன், செருப்போடு வந்தார். ஷூ இன்னும் காயவில்லையாம். படகு நேராகக் கிளம்பியது, வளைந்தது, நின்றது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேண்டுமென்றே அவர் இன்னொரு சுற்றுக் கேட்டார். அவள் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினாள். நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். கரையில் நின்ற வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் துறைக்கு வரச்சொல்லிக் கையாட்டினாள்.

துறைக்கு வந்ததும் கண்காணிப்பாளர் காலி இடத்தைக் காட்டினார். "இங்கேயே கட்டுங்கம்மா. இனிமே இது உங்க இடம்."

கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்தத் துறையில் அவள் கட்டாத படகில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை அது. இன்றைக்கு முடிச்சு விழவே இல்லை. போட்டாள், நழுவியது. மறுபடி போட்டாள், மறுபடி நழுவியது.

"நான் கட்டட்டுமா அண்ணி?" என்று கொழுந்தன் கை நீட்டினான்.

"தொடாதே," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "என் படகை நான்தான் கட்டுவேன்."