மாமிக்கு வேர்த்திருந்தது

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாமா அலறும் சத்தம் கேட்டது. அம்மா சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்து, "பத்மா மாமி போயிட்டா. ஹார்ட் அட்டாக். திடீர்னு" என்றாள். அன்றிலிருந்து நம் ஸ்ரீவராகம் தெருவில் நீங்கள் எல்லாரும் திடீர் என்றே சொல்கிறீர்கள். அந்தச் சொல்லை என்னால் நம்ப முடியவில்லை.

மாமிக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ வேலை என்று நினைத்திருப்பீர்கள். ஒரு மருத்துவக் கல்லூரியில் மாமி நோயாளியாக நடித்தார். மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழகுவதற்காக. ஒரு நாள் ஆஸ்துமா, ஒரு நாள் மூட்டுவலி. சாயங்காலம் தெருவில் என்னைப் பார்த்தால் அங்கேயே நொண்ட ஆரம்பித்து, "என்ன கேஸ், சொல்லு பாக்கட்டும்" என்பார். ஒரு தடவை சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும்போது மூச்சிரைப்பதுபோல நடித்து, பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் உட்கார இடம் பிடித்தார். அதற்குப் பிறகு மாமியின் எந்த வலியையும் நான் நம்பியதில்லை.

போன வருஷம் மாமியைக் கேமரா முன் உட்கார வைத்து, பித்தப்பைக் கல் உள்ள நோயாளியாகப் பதிவு செய்தார்கள். கேள்வியைத் தட்டினால் திரையில் மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் பதில் சொல்வார். அந்தக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா வித்யா அதை லேப்டாப்பில் காட்டியபோது, மாமி தன்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

"நன்னாத்தான் பேசறது. ஆனா இதுக்கு வேர்க்கலையே. நேர்ல பண்றச்சே நான் வேர்வையே வரவழைப்பேனாக்கும்."

கேட்காத எதையும் அது சொல்வதில்லையே என்று அக்கா குறைப்பட்டாள்.

"நானும் சொல்லப்படாது, வித்யா. கேட்டதுக்கு மட்டும்தான் பதில். அதுதான் ரூல்."

இனி எழுதுவது யாருக்கும் தெரியாது. முந்தின நாள், வியாழக்கிழமை, டியூஷன் முடிந்து வந்தேன். மாமி பால் கவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தாடையை அழுத்தியபடி அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க வலிக்கறதுடி."

"பல்வலியாக்கும். ஈஸி கேஸ்" என்றேன்.

மாமி தாடையை இன்னும் அழுத்திக்கொண்டார். மழை பெய்து குளிர்ந்திருந்தது. ஆனாலும் அவருடைய மேலுதட்டில் வேர்வை. பார்த்தேன். வரவழைத்த வேர்வை என்று நினைத்து உள்ளே போய்விட்டேன்.

ஹார்ட் அட்டாக் வரும்போது பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலிக்காமல் தாடையில் வலி வரும், வேர்க்கும் என்று அக்கா அம்மாவிடம் சொன்னது அடுத்த நாள்தான் என் காதில் விழுந்தது. பிறகு ஒரு நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லலையே" என்று அழுதார். அம்மா அவருக்குக் காபி கொண்டுபோகச் சொன்னாள். குளிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று அக்கா தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்து, தாடை வலிக்கிறதா என்று மலையாளத்தில் தட்டினேன். மாமி என்னை நேராகப் பார்த்து, "மனசிலாயில்ல, டாக்டரே" என்றார். புரியவில்லையாம். வார்த்தையை மாற்றி மாற்றிக் கேட்டேன். அதே பதில், அதே முகம். வேர்க்கவே இல்லை. அது மாமி இல்லை.

மாமியின் நினைவாக, அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதித் தரும்படி தெருச் சங்கத்தில் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். பெயர் போடாமல் சங்கத்துப் பெட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அம்மா என்ன சொல்வாள், மாமா இனி என் முகத்தில் விழிப்பாரா என்று இப்போதும் பயமாக இருக்கிறது.

"என்ன கேஸ், சொல்லு பாக்கட்டும்." மாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். மாமியின் ரூலை வைத்துக்கொள்ளப் போவதில்லை. காலையில் இந்தத் தாளை முதலில் மாமாவிடம் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும்வரை அந்தப் படியிலேயே நிற்பேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்வேன், மாமிக்கு வேர்த்திருந்தது என்று.