சிவப்பு அட்டையும் மஞ்சள் சட்டையும்

பரிமாறுகிறவனுக்குப் பசிக்கக் கூடாது, பசித்தாலும் முகத்தில் தெரியக் கூடாது. சாப்பாட்டுக் கடையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனிக்கு வந்த 2006இல், ஸ்டுட்கார்ட்டில் ஒரு பிரேசில் உணவகத்தில் வேலை செய்தேன். மஞ்சள் சட்டை போட்டு, வாட்டிய இறைச்சியைக் கம்பியோடு தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் வெட்டிப் போடுவதுதான் வேலை. பிரேசில் கிண்ணத்தை வென்றால் கூட்டம் குறையாது, உனக்கு நிரந்தர வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தர வேலை என்று அவர் எழுதித் தரும் கடிதம் கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். ஆக, என் குடும்பம் பதினொரு பேரின் காலில் தொங்கியது.

போதும்

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வட்ட அட்டை இருக்கும். பச்சைப் பக்கம் தெரிந்தால் போட வேண்டும், சிவப்பு தெரிந்தால் நிறுத்த வேண்டும். முதல் நாள் ஒரு கிழவர் சிவப்பைத் திருப்பினார். நம் வீடுகளில் விருந்தாளி ‘போதும்’ என்றால் இன்னொரு அகப்பை போடு என்றுதானே அர்த்தம்? போட்டேன். அவர் அட்டையைத் தட்டிக் காட்டினார். கூச்சப்படுகிறார் என்று இன்னும் இரண்டு துண்டு போட்டேன்.

கிழவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “சாகாதே எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். உன்ர எண்ணம் என்ன?”

அசல் பிரேசில்

சமையற்காரி லூசியா ஒருத்திதான் அங்கே அசல் பிரேசில். மற்றதையெல்லாம் என் நிறமும் சட்டையும் பார்த்துக்கொண்டன; வந்தவர்கள் என்னையும் பிரேசில்காரன் என்றே நினைத்தார்கள். பின்னேரம் கடை ஓய்ந்ததும், கம்பியில் மிஞ்சிய இறைச்சியை வீணாக்க மனமில்லாமல் நான் தின்பேன். அவளோ சோறும் கறுப்பு பீன்சும் போட்டு, மேலே வறுத்த மரவள்ளி மாவைத் தூவிச் சாப்பிடுவாள். இறைச்சி வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன்.

“அது எங்கட ஊரில ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஒவ்வொரு நாளும் தின்னுற பிரேசில்காரன் நீ ஒருத்தன்தான்.”

எடை

போட்டிகள் தொடங்கியதும் மேசைகளில் ஒரே பேச்சு, பிரேசில் ஆட்டக்காரர்கள் கொழுத்துவிட்டார்கள் என்று. வயிறு மேசையில் முட்டுகிற மனிதர்கள், பச்சை அட்டையை வைத்துக்கொண்டே அவர்களைத் திட்டுவார்கள். ஆட்டக்காரர்கள் ஓடாவிட்டால் என் கதி?

அந்தப் பயத்தில் என் எடையை நான் கவனிக்கவில்லை. மஞ்சள் சட்டையோடு எடுத்த படத்தை மனைவிக்கு அனுப்பினேன். படம் கிடைத்த அன்றே தொலைபேசியில் கேட்டாள்:

“நீங்கள் இல்லாமல் நான் மெலிஞ்சு போனன். நான் இல்லாமல் நீங்கள் என்னெண்டு கொழுத்தனீங்கள்?”

வெட்கமாக இருந்தது.

கால் இறுதி

கால் இறுதியில் பிரேசில் தோற்றது. அடுத்த கிழமையே பாதி மேசைகள் காலி. முதலாளி கூப்பிட்டு, இனி ஆள் தேவையில்லை என்றார். நம் வழக்கப்படி இன்னொரு தரம் கேட்டேன். பிறகும் கேட்டேன். அவர் மேசையில் கிடந்த அட்டையை எடுத்துச் சிவப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தார். இந்த முறை விளங்கியது.

மறுநாள் மஞ்சள் சட்டையைத் தோய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“நீயே வைச்சிரு. இனி இது வேற ஆருக்கும் அளவாகாது.”

பிரேசில்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், மனைவி வரவில்லை, வயிறு மட்டும் எந்த விசாவும் கேட்காமல் என்னோடு ஜேர்மனியில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.