பஸ் ஏறாத டிரைவர்

பத்து வருடத்துக்கு மேல் சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர் லியாகத் அலி. குடவாசலுக்குத் திரும்பி வந்த பிறகு அவரால் டவுன் பஸ்ஸில்கூட ஏற முடியவில்லை. படியில் கால் வைத்ததுமே உடம்பு வியர்த்து மூச்சு முட்டும். பின்னால் நிற்பவர்களை விலக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

காரணம் ஊருக்கே தெரியும். தமாம் சாலையில் மணற்காற்று அடித்த ஒரு மத்தியானம், ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரி மீது அவருடைய வண்டி மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதையன் இறந்துபோனான். அவனும் இந்தப் பக்கத்துக்காரன்தான், அடுத்த கிராமம். விசா வாங்கிக் கொடுத்து அவனை அங்கே அழைத்துப் போனதே லியாகத் அலிதான். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அது கூடிவிட்டது. மற்றது கூடவில்லை.

அவர் மனைவி சைத்தூன் பீவி முதலில் பொறுமையாகத்தான் இருந்தார். தஞ்சாவூரில் மனநல டாக்டர் ஒருவர் நன்றாகப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, கணவரைக் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக பஸ்ஸில் ஏற்றினார். கும்பகோணம் வரைகூடப் போகவில்லை. நாச்சியார்கோவிலில் பஸ் நின்றதும் லியாகத் அலி இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டார். சைத்தூன் பீவி பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பின்னாலேயே வந்தார்.

"பஸ்ஸுன்னா பயம்னு காட்டுறதுக்கு பஸ் ஏறித்தான் போவணுமாம். இத நான் யாருகிட்ட போயி சொல்றது?" என்றார்.

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றார் லியாகத் அலி.

அடுத்த முறை சைத்தூன் பீவி தனியாகவே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் விவரித்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரக் கூட்டிட்டு வாங்கம்மா," என்றார் டாக்டர். அன்று வீடு திரும்பிய சைத்தூன் பீவி இரவுச் சாப்பாடு செய்யவில்லை.

நடந்து போகிற தூரத்தில் குளத்தங்கரையில் ஒரு சின்ன தர்கா இருந்தது. ஊரில் சிலர் அவரை அங்கே போய் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் எழுந்து ரோட்டுக்கு வந்து, ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தால் போதும், பழையபடி நெஞ்சு படபடக்கும்.

பிறகு, வாரம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மதிவதனி என்ற பெண் வருவதாகத் தெரிந்தது. மனசு சரியில்லாதவர்களிடம் பேசப் படித்துவிட்டு வந்தவர். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"கண்ண மூடிக்கிட்டு ஒங்களுக்குப் புடிச்ச அமைதியான எடத்த நெனச்சுப் பாருங்கய்யா."

"கண்ண மூடுனா அந்த ரோடுதாம்மா வருது. மூடாம இருக்கத்தான் இவ்வளவு பாடு."

மதிவதனிக்கு முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு கண்ணை மூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம், "நடந்துகிட்டே பேசலாம் வாங்க," என்று வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனார். அந்த வருடம் ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. லியாகத் அலியின் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மதிவதனிக்கு இரைத்தது.

"நீங்க பேசக்கூட வேணாங்கய்யா. கொஞ்சம் மெதுவா நடந்தாப் போதும்."

ஊர் வந்த பிறகு லியாகத் அலி முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். அதன்பின் வண்டியைப் பற்றி, டயரைப் பற்றி, பாலைவனத்துக் குளிரைப் பற்றியெல்லாம் பேசினார். மருதையன் பேச்சு வந்தால் மட்டும் நடை வேகமாகிவிடும்.

"அவங்க வீட்டுக்குப் போனீங்களாய்யா?" என்று ஒருநாள் மதிவதனி கேட்டார்.

லியாகத் அலி அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் போகவில்லை. அதற்கும் அடுத்த வாரமும் போகவில்லை. சைத்தூன் பீவி தலையில் கைவைத்துக்கொண்டார்.

மருதையனின் மனைவி நீலாம்பாள் தானாகவே ஒருநாள் காலை சைக்கிளில் வந்து இறங்கினாள். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றாள்.

"டாக்டரு, தர்கான்னு போறீங்களாம். ஊரே சொல்லுது. எனக்குப் பொட்டி மட்டுந்தாண்ணே வந்துச்சு. தொறக்கக்கூடாதுன்னுட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்து எனக்கு வெறுத்தே போச்சு."

"என்னப் பாத்தா ஒனக்கு ஆத்திரம் வரும்னு நெனச்சேன் தங்கச்சி."

"நீங்க வராமத்தான் ஆத்திரம் வந்துச்சு."

லியாகத் அலி வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நீலாம்பாளும் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"டீ குடிக்க நிறுத்தச் சொன்னான். அடுத்த கடையில பாத்துக்கலாம்னேன். அப்புறம் காத்து கெளம்பிருச்சு, முன்னாடி ஒண்ணும் தெரியல. அடிபட்ட பெறகும் பேசுனான். 'அப்பவே நிறுத்தியிருந்தா என்னவாம், எல்லாத்துக்கும் அவசரம்'னு என்னத் திட்டுனான். நான் அவன் கையப் புடிச்சுக்கிட்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"வலிக்குதுன்னாரா?"

"இல்லன்னான். கால் மரத்துப்போச்சுன்னு மட்டும் சொன்னான்."

"தனியா கெடந்து போயிட்டாரோன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். கூட ஆளு இருந்திருக்கு. திட்டக்கூட செஞ்சிருக்காரு," என்று சொன்ன நீலாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லியாகத் அலியும் அழுதார். கதவோரம் நின்றிருந்த சைத்தூன் பீவிக்கும் இதெல்லாம் அன்றுதான் தெரியும்.

"இத வந்த அன்னைக்கே ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கலாம்ல? எத்தன அலைச்சல்," என்று அழுதுகொண்டே இருவரையும் திட்டினார்.

அன்று இரவு லியாகத் அலி விடியும்வரை தூங்கினார். ஆனால் மறுநாள் ஆசையாகப் பஸ் ஏறியவர் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். மறுபடியும் போய்ப் பார்த்தபோது மதிவதனிதான் வேறு வழி சொன்னார். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் வெறுமனே ஏறி உட்கார்ந்துவிட்டு, கிளம்பும் முன் இறங்கிவிட வேண்டும். தினமும் அப்படியே செய்தார்.

கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வர்றதுன்னா வாங்க பாய், இல்லன்னா சீட்ட விடுங்க," என்றார்.

தை அறுப்பு முடிந்த சமயம் நீலாம்பாள் கும்பகோணத்துக்குத் துணி எடுக்கக் கிளம்பினாள். சைத்தூன் பீவியும் கூடக் கிளம்பினார். லியாகத் அலியும் அவர்களோடு ஏறி, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாச்சியார்கோவில் தாண்டும்வரை அவர் வாய் திறக்கவில்லை. தாண்டியதும், "கியர மாத்துப்பா, இஞ்சின் திணறுது," என்றார். டிரைவர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்களும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த மாதம் தஞ்சாவூர் டாக்டரையும் ஒருவழியாகப் பார்த்தார். அரைநாள் காக்கவைத்துவிட்டார்கள் என்று வழியெல்லாம் குறைசொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்டது. ஆனாலும் வண்டி ஓட்ட அவர் திரும்பவும் போகவில்லை. ஒரு அரிசி ஆலையில் லோடு ஏற்றி அனுப்பும் வேலைக்குச் சேர்ந்தார். ஓரமாக நிற்கிற லாரியை பஸ் தாண்டும்போது இன்றைக்கும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். மருதையன் திதியன்று நீலாம்பாள் வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை இருப்பார். சில வருடம் பஸ்ஸில் போவார், சில வருடம் நடந்தே போய்விடுவார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.